மூன்றாவது முறையும் நீட் எழுதலாமா? தங்கச்சிமடத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

இராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கை 2024இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நீட் எழுதி 341 மதிப்பெண் பெற்றார். பிறகு வெளியூரில் விடுதியுடன் கூடிய பயிற்சி மையம் ஒன்றில் ஓராண்டு தங்கிப் படித்து, 2025இல் 358 பெற்றார். தந்தை விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்; பயிற்சிக் கட்டணத்துக்காக அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை; தம்பி பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவில் படிக்கிறான். "ஒரு வருஷமும் இவ்வளவு பணமும் செலவழித்து 17 மார்க்தான் கூடியது. இன்னும் எத்தனை தடவை எழுத விடுவது? இதற்கு ஓர் அளவு உண்டா?" என்பது கேள்வி. சட்டம் எத்தனை முறை அனுமதிக்கிறது என்று கேட்பதுபோல் தெரிந்தாலும், உண்மையில் கேட்கப்படுவது வேறு: இந்த 17 மதிப்பெண், அடுத்த ஆண்டைப் பற்றி எதையாவது சொல்கிறதா, அதை நம்பி ஒரு மீனவக் குடும்பம் இன்னும் ஓராண்டைக் கொடுக்கலாமா என்பதே. இந்தக் கடற்கரையின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், நீட் வந்த பிறகு மாலை வகுப்புகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். இயற்பியல் ஆசிரியனுக்கு எல்லாத் தோல்வியும் இயற்பியலால் வந்ததாகவே தோன்றும் என்பதால், கீழே நான் சொல்வதில் அந்தச் சார்பை நீங்களே கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றிய பகுதி எளிது. இளநிலை மருத்துவத்துக்கான நீட் தேர்வை எத்தனை முறையும் எழுதலாம். மேல் வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்பதற்காகத் தரவரிசையில் ஒரு மதிப்பெண்ணும் குறைப்பதில்லை. உங்கள் தம்பியின் கணக்கு வேறு. ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. மெயின் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஆண்டு தொடங்கி அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளிலும், அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டே முறையும்தான் எழுத முடியும். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளுக்கோ 2007 முதல் நுழைவுத் தேர்வே கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். ஆகவே அவன் விஷயத்தில் எங்கே நிறுத்துவது என்ற முடிவில் பெரும்பகுதியை விதியே எடுத்துவிடுகிறது. நீட்டில் விதி எங்கும் நிறுத்தாது என்பதால்தான் வீட்டில் இருப்பவர்கள் நிறுத்த வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த 17 மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், அது உங்கள் தங்கைக்குச் சாதகமான திருத்தம். 2024இன் மதிப்பெண்ணையும் 2025இன் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பது தவறு. 2024இல், திருத்தப்பட்ட முடிவுக்குப் பிறகும் 17 பேர் 720க்கு 720 வாங்கியிருந்தார்கள். பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 162. 2025இல் வினாத்தாள் கடினம், அதிலும் இயற்பியல் மிகக் கடினம். நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686, பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 144க்கு இறங்கியது. எல்லோருடைய மதிப்பெண்ணும் கீழே இறங்கிய ஆண்டில் உங்கள் தங்கையின் மதிப்பெண் மேலே போயிருக்கிறது. இரண்டு மதிப்பெண் சான்றுகளிலும் அகில இந்தியத் தரவரிசை அச்சிட்டிருக்கும். அந்த இரண்டு எண்களை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு ஆண்டிலும் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கு மேல் என்பதால் ஒப்பீடு ஓரளவு நியாயமாகவே இருக்கும். தரவரிசை கணிசமாக முன்னேறியிருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. ஓராண்டு வீணாய்ப் போயிற்று என்று வீட்டில் யாராவது அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால், அது கணக்குப்படி பொய்.

ஆனால் முன்னேறினார் என்பதும், சேருமிடத்துக்கு அருகில் வந்துவிட்டார் என்பதும் ஒன்றல்ல. நீங்கள் எழுதியதில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: "அரசுப் பள்ளி ஒதுக்கீடும் இருக்கிறதே." அதற்கு முந்திய வரியில், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஊரிலுள்ள அரசு உதவிபெறும் பள்ளியில் படித்ததாகவும், ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் அரசுப் பள்ளி என்றும் சொல்லியிருக்கிறீர்கள். 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, அதன்பின் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இல்லை. தங்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டு உதவிபெறும் பள்ளிகள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2022இல் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. நம் கடற்கரையில் தேவாலயங்களை ஒட்டிய உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அவற்றில் படித்த ஏழைப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைக்கும் வீட்டு நிலைமையில் ஒரு வேறுபாடும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் விதி அதுதான். எனவே அந்த ஒதுக்கீட்டின் கட்-ஆஃபை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், அதை அழித்துவிட்டு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவின் பொதுவான கட்-ஆஃபோடு ஒப்பிடுங்கள். மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஒதுக்கீட்டுப் பட்டியலை வெளியிடுகிறது. அதில் உங்கள் வகுப்பில் அரசுக் கல்லூரி இடம் பெற்ற கடைசி மாணவரின் மதிப்பெண்ணைப் பாருங்கள், அதையும் அதே ஆண்டுக்கு மட்டும். இடைவெளி நூறைத் தாண்டும் என்பது என் மதிப்பீடு. மதிப்பீடுதான், பட்டியலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதே என்று பலர் சொல்வார்கள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்தக் கல்லூரியின் 100 இடங்களும் மாநிலப் பட்டியலோடும் அகில இந்தியப் பட்டியலோடும் சேர்ந்தவை. மாவட்டத்துக்காரர் என்று முன்னுரிமை எதுவும் கிடையாது.

நூறு மதிப்பெண் என்றால் மலைப்பாக இருக்கும். அதை வினாக்களாக மாற்றிப் பார்த்தால்தான் எது முடியும், எது முடியாது என்று தெரியும். ஓ.எம்.ஆர். விடைத்தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் வைத்து நீங்களே பிரித்துக் கொடுத்திருப்பது நல்ல காரியம். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. உயிரியலில் 66 சரி, 20 தவறு, 4 விட்டது: 244. வேதியியலில் 23 சரி, 20 தவறு, 2 விட்டது: 72. இயற்பியலில் 17 சரி, 26 தவறு, 2 விட்டது: 42. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்பதால், தவறாய்ப் போன ஒரு வினா சரியாக மாறினால் 5 மதிப்பெண் கூடுகிறது. மொத்தம் 66 தவறுகளில் 25ஐ மாற்றினால் 483 வரும். அந்த 25 எங்கிருந்து வரும் என்பதுதான் முழுக் கேள்வியும்.

இயற்பியலை முதலில் எடுக்கிறேன். 43 வினாக்களுக்கு விடை குறித்து 17 சரி. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே நான்கில் ஒன்று வீதம் சுமார் 11 சரியாகும். அப்படியானால் உண்மையில் தெரிந்து போட்டவை எட்டோ ஒன்பதோதான் இருக்கும். மிச்சம் ஊகத்தின் புண்ணியம். இதே கணக்கில் வேதியியலில் தெரிந்து போட்டவை பதினாறு வரும். ஓராண்டு பயிற்சி மையத்தில் இருந்த பிறகும் இயற்பியலில் எட்டு என்றால், பாடம் போதவில்லை என்று நான் நினைக்கமாட்டேன், பாடத்துக்கு அடியில் இருக்க வேண்டியது இல்லை என்றே நினைப்பேன். உங்கள் தங்கை பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவை எடுத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கடற்கரைப் பள்ளிகளில் நான் பார்த்த பிள்ளைகளில் இயற்பியலில் தேங்கி நின்றவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். திசையன்களைக் கூறுகளாகப் பிரிக்க முக்கோணவியல் வேண்டும். இயக்கச் சமன்பாடுகளில் வகைக்கெழுவின் பொருள் கொஞ்சமாவது தெரிய வேண்டும். பத்தின் அடுக்குகளைக் கையால் வேகமாகச் சுருக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் தேர்வில் கால்குலேட்டர் இல்லை. 2025இலிருந்து 180 வினாக்களுக்கு 180 நிமிடந்தான். பயிற்சி மையங்கள் இதைத் தொடக்கத்தில் ஓரிரு வாரத்தில் ஓட்டிவிட்டு நேரே பாடத்துக்குப் போய்விடுகின்றன. கணிதம் படித்து வந்த பிள்ளைக்கு அது போதும். படிக்காத பிள்ளை அந்த இரண்டு வாரத்தில் பின்தங்கி, ஆண்டு முழுவதும் சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும். அதே மையத்தில் அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்கார்ந்தால் அதே இரண்டு வாரமும் அதே பின்தங்கலுமே கிடைக்கும். மாறாக, பத்தாம் வகுப்புக் கணிதத்திலிருந்து தொடங்கி இரண்டு மூன்று மாதம் இயற்பியலுக்கு வேண்டிய கணிதத்தை மட்டும் போட்டுப் பழகியவர்கள், அதன்பின் இயக்கவியலிலும் மின்னோட்டவியலிலும் தாங்களாகவே நடக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அல்ல. ஆனால் இந்த ஒன்றைச் செய்யாமல் தேறியவர் யாரும் என் நினைவில் இல்லை.

வேதியியலில் கணக்கு சார்ந்த இயற்பிய வேதியியல் இதோடு சேர்ந்து தானே உயரும். கனிம வேதியியல் பாடநூலைத் திரும்பத் திரும்பப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லாதது. உயிரியலில் 20 தவறுகள். அவற்றை, படித்தும் மறந்தவை, வினாவைத் தவறாக வாசித்தவை, படிக்கவே படிக்காதவை என்று அந்தப் பெண்ணே பிரிக்கட்டும். தமிழ் வழியில் எழுதியவர் என்பதால் ஒன்றையும் கவனியுங்கள்: மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது தேர்வின் விதி. இரண்டு மொழியும் அச்சிட்ட தாள் கையில் இருக்கும். கலைச்சொல்லின் ஆங்கில வடிவையும் பழகி வைத்தால் ஐயம் வந்த இடத்தில் கண் அந்தப் பக்கம் போகும்.

இத்தனை மதிப்பெண் கூடுமா? உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே பெரும்பாலோர் ஏறுகிறார்கள் என்பது என் அனுபவம். பள்ளித் தேர்வின் சுமை நீங்கி முழு ஆண்டும் இதற்கே கிடைப்பதால் அப்படி. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஏறுபவர்கள், படிக்கும் முறையில் எதையோ மாற்றியவர்கள் மட்டுமே. நான்காவது முறையைப் பற்றி எனக்கு நல்ல நினைவுகள் இல்லை. இது ஒரு கடற்கரை ஆசிரியன் பார்த்த சில வகுப்புகளின் கதை, அதற்கு மேல் எடை கொடுக்க வேண்டாம். அதேபோல, பயிற்சி மையங்களின் விளம்பரத்தில் வரும் ஒரு வாதத்துக்கும் எடை கொடுக்க வேண்டாம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்களின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடாக இருந்து 2020-21இல் 71.42 விழுக்காடாக உயர்ந்தது. இதைக் காட்டி, திரும்ப எழுதினால் பத்தில் ஏழு பேருக்குக் கிடைக்கும் என்பதுபோல் பேசுகிறார்கள். அந்த எண், உள்ளே போனவர்களில் எத்தனை பேர் திரும்ப எழுதியவர்கள் என்று சொல்கிறது. திரும்ப எழுதியவர்களில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று சொல்லவில்லை. வெளியே நின்றுவிட்டவர்களைச் சேர்த்து எண்ணினால் விகிதம் வேறாக இருக்கும், மிகவும் தாழ்வாக. நீட் தமிழ்நாட்டுக்கு நீங்கிவிடும் என்று காத்திருப்பதும் வேண்டாம். சட்டமன்றம் 2021இலும், ஆளுநர் திருப்பி அனுப்பிய பிறகு 2022 பிப்ரவரியிலும் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் அதை ஏற்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதல்வரே சட்டமன்றத்தில் அறிவித்தார். அரசியலில் அது எப்படி முடிந்தாலும், அடுத்த மே மாதத்துக்கான முடிவை அதன் மேல் கட்டக் கூடாது.

பணத்தைப் பற்றி நீங்கள் கூச்சத்தோடு கேட்டிருக்கிறீர்கள், கூச்சம் தேவையில்லை. விடுதியோடு கூடிய பயிற்சி என்றால் லட்சத்தைத் தாண்டுகிறது. அதைத் தவணையில் கட்டலாம் என்பார்கள். ஆனால் விசைப்படகுக் குடும்பத்துக்குத் தவணை எந்த மாதத்தில் வருகிறது என்பது முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நீட் நடப்பது மே முதல் ஞாயிறு, அதாவது வீட்டில் வருமானமே இல்லாத காலத்துக்குள். மாதிரித் தேர்வுகளின் கடைசிக் கட்டணம், போக்குவரத்து, புத்தகம் எல்லாம் அதற்கு முந்திய வாரங்களில். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் இதற்குப் போதாது. கலந்தாய்வு வரும்போது படகு கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கும், ஆனால் கையில் காசு சேர்ந்திருக்காது. நம் பக்கத்துப் படகுகள் எல்லைச் சிக்கலில் பிடிபட்டால் அதுவும் போயிற்று. ஆகவே மூன்றாவது முறை எழுதினாலும் விடுதிப் பயிற்சிக்கு இன்னொரு நகையை அடகு வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அவர் ஓராண்டு வகுப்பு கேட்டுவிட்டார். குறிப்புகள் கையில் இருக்கின்றன. இனி வேண்டியவை வீட்டிலிருந்து படிக்க ஓர் அமைதியான மூலை, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் வாரத்தில் சில மணி நேரம் நேரில் சொல்லித் தர ஓர் ஆள், ஒரு மாதிரித் தேர்வுத் தொகுப்பு. மாதிரித் தேர்வுகளைப் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை எழுதட்டும், உண்மைத் தேர்வு நடக்கும் நேரம் அதுதான். சாப்பிட்ட கையோடு புழுக்கத்தில் மூன்று மணி நேரம் உட்காருவதும் பழக்கத்தால் வருவதுதான்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த 358ஐ வீணாக்க வேண்டாம். சித்த மருத்துவப் பட்டப்படிப்புக்கும் நீட் மதிப்பெண்தான். ஆனால் அதற்கான கலந்தாய்வு தனி, விண்ணப்பமும் தனி, இந்திய மருத்துவத் துறை நடத்துவது, எம்.பி.பி.எஸ். கலந்தாய்வுக்குப் பிந்தி வரும். கட்-ஆஃப் எம்.பி.பி.எஸ்.ஸைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருந்து வருகிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தூரம்; நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. பல் மருத்துவத்துக்கும் பெயர் கொடுத்து வைக்கலாம். நீட்டே தேவைப்படாமல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் கிடைப்பவை செவிலியர் பட்டப்படிப்பும், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் நான்காண்டுப் படிப்பும். மீன்வளப் படிப்பைச் சொன்னால் நம் வீடுகளில், "இதற்கா படிக்க வைத்தோம்" என்று முகம் சுளிப்பார்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தின் வாசலைத் தாண்டித்தான் தினமும் பேருந்தில் போகிறோம். உள்ளே வேலை பார்ப்பவர்கள் என்ன படித்தவர்கள் என்று நாம் கேட்டதில்லை.

என் முடிவைக் கேட்டால் இதுதான். பாளையங்கோட்டை போன்ற அரசுக் கல்லூரியில் சித்த மருத்துவ இடம் கிடைத்து, அந்தப் பெண்ணுக்கும் அதில் விருப்பம் இருந்தால், எடுத்துக்கொண்டு நீட்டை இத்தோடு விட்டுவிடலாம். கிடைக்கவில்லை, அல்லது அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை என்றால், மூன்றாவது முறை எழுதுவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் தரவரிசை முன்னேறியிருக்கிறது, குறையும் இன்ன இடத்தில் என்று தெரிகிறது. ஆனால் அது கடைசி முறை என்று இப்போதே, முடிவு வருவதற்கு முன்பே, வீட்டில் பேசி வைத்துவிடுங்கள்; முடிவு வந்த அன்றைக்கு எந்த வீட்டிலும் நிதானமான பேச்சு நடப்பதில்லை. டிசம்பர் கடைசிக்குள் முழு மாதிரித் தேர்வுகளில் இயற்பியல் 80ஐத் தொடர்ந்து தாண்டவில்லை என்றால், படிப்பதை நிறுத்த வேண்டாம், பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு சேரப்போகும் வேறு படிப்புக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஒரு கல்லூரியில் சேர்ந்துகொண்டே நீட் எழுதத் தடையில்லை. ஆனால் செவிலியர் படிப்பின் மருத்துவமனைப் பணிநேரத்தோடு இதையும் சேர்த்து இழுப்பது மிகக் கடினம். அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தில் அப்பா என்ன நினைக்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இருக்கிறது. தங்கை என்ன சொன்னார் என்று ஒரு வரியும் இல்லை. முடிவு வந்ததிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை, சாப்பாடும் சரியில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். அரசின் 104 எண்ணிலும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் தேர்வு எழுதிய பிள்ளைகளிடம் தமிழில் பேச ஆட்கள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. முதலில் நீங்கள் பேசி நிலைமையைச் சொல்லுங்கள், பிறகு அவரிடம் கொடுங்கள். தூக்கமும் சாப்பாடும் சில வாரங்களாகவே குறைந்திருந்தால் இராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அவர் ஓரளவு தெளிந்த பிறகு, ஓ.எம்.ஆர். கணக்கை அவர் முன்னால் வைத்து, தரவரிசை முன்னேறியதைக் காட்டி, எழுத விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு சரி.

கடைசியாக ஆவணங்கள். சித்த மருத்துவக் கலந்தாய்வுக்குச் சாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்று, மாற்றுச் சான்றிதழ், நீட் மதிப்பெண் சான்று ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். பயிற்சி மையத்தில் அசல் சான்றிதழ் எதையாவது கொடுத்திருந்தால் உடனே திரும்ப வாங்குங்கள். கட்டண பாக்கியைக் காட்டி அதைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. வேறு கல்லூரி எதிலாவது சேர்வதானால், இடையில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், அசல் சான்றிதழ்கள் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.